பெரியதனத்தின் தலைப்பாகை ஆற்றோடு போன கதை

முதல் தப்பு கிணற்றில் நடந்தது. இரண்டாவது தப்பு சாவடியில் நடந்தது. மூன்றாவது தப்பு பாலத்தில் நடந்தது. இந்த வரிசையை நான் மாற்ற மாட்டேன். முதல் தப்பைப் பொறுத்துக்கொண்டதால் இரண்டாவது வந்தது, இரண்டாவதைப் பார்த்துச் சிரித்ததால் மூன்றாவது வந்தது. தூங்காமல் கேளுங்கள், பிள்ளைகளா.

ஒரு காட்டாற்றுக் கரையில் நொச்சிமேடு என்று ஓர் ஊர் இருந்ததாம். அந்த ஊருக்குத் தனுக்கோடி என்று ஒரு பெரியதனக்காரர். வீட்டுக்கு வீடு ஊர்வரி கொடுப்பார்கள், அதைக்கொண்டு கிணறு வெட்டுவதும் பாலம் போடுவதும் அவர் பொறுப்பு. அங்கே ஒரு வழக்கம் உண்டு. எந்த வேலை முடிந்தாலும் தமுக்கடிக்கிற சொக்கன் ஊரைக் கூட்டி, அக்கரை ஊராரையும் சாட்சிக்கு அழைத்து, செய்தவர் பேரை ஓலையில் பார்த்து உரக்க வாசிப்பான். பேர் வாசிக்கப்பட்டவர்தான் அதை முதலில் அனுபவிக்க வேண்டும். நல்ல வழக்கம்தானே? அதை உண்டாக்கினவன் அதிகாரிகளை நன்றாக அறிந்தவன்.

கிணறு வெட்டினார்கள். அரைகுறை வெட்டு, சேற்றுத் தண்ணீர். சொக்கன் தனுக்கோடி பேரை வாசித்தான். பெரியதனம் தன் மாட்டை ஓட்டிவந்து, "என் மாடு குடிச்சா நான் குடிச்ச மாதிரி. என் மாடும் நான்தான்" என்றார். ஊர் பொறுத்துக்கொண்டது. அப்புறம் அந்தக் கோடையில் ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தது.

சாவடி கட்டினார்கள். உளுத்த மரம், இற்ற கூரை. முதல் ராத்திரி பெரியதனம் அங்கே படுக்கவேண்டும். அவரோ பாயை விரித்துத் தன் கைத்தடியைப் படுக்கவைத்தார். "என் கைத்தடியும் நான்தான்." தடிக்குப் போர்வை வேறு போர்த்திவிட்டார். ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. அப்புறம் அந்தக் கூரை விழுந்து ஒரு வழிப்போக்கனுக்குக் கால் போனது.

அப்புறம் பாலம். பாலத்துக்கு என்று வந்த கல்வண்டிகள் எல்லார் கண்ணெதிரே பெரியதனத்தின் வீட்டுப் பக்கம் திரும்பின. அவர் வீட்டுக்கு மாடி முளைத்தது. ஆற்றில் களிமண்ணைக் குழைத்து அப்பி, மேலே சுண்ணாம்பு பூசி, பாலம் என்று நிறுத்தினார்கள்.

அந்த ஊரில் மோர் விற்கிற மூக்காயி என்று ஒருத்தி. அவள் புருஷனை ஒரு மழைக்காலத்தில் அந்த ஆறு கொண்டுபோய்விட்டது. ஒரே மகள் செவந்தியை அக்கரையில் கட்டிக்கொடுத்திருந்தாள். செவந்திக்குத் தலைப்பிரசவம் நெருங்கிவிட்டது. மழைக்கு முன்னே மகளைத் தாய்வீட்டுக்குக் கூட்டிவரவேண்டும். வண்டி அக்கரையில் தயாராக நின்றது.

சொக்கன் பேரை வாசித்ததும் மூக்காயி முன்னே வந்தாள்.

"பெரியதனம், நீங்க முதல்ல நடங்க. அப்புறம்தான் என் புள்ள வண்டி ஏறும்."

"மோர்ப்பானைக்கு வாய் முளைச்சிருக்கு பாருங்கப்பா!" என்று சிரித்தார் அவர். ஆனால் பாலத்தில் கால் வைக்கவில்லை. தன் ஜரிகைத் தலைப்பாகையைக் கழற்றி ஒரு கழுதையின் தலையில் கட்டினார். "என் தலைப்பாகையும் நான்தான்!"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. கழுதை பாலத்தை மோந்து பார்த்தது, பின்னால் நகர்ந்தது. அதற்கு இருந்த புத்தி முன்னே இரண்டு தடவையும் ஊருக்கு இல்லை. நாலு பேர் தள்ள, நடந்தது. பாதி தூரம் போனதும் நனைந்த அப்பளம் போலப் பாலம் உள்வாங்கியது. கழுதை நீந்திக் கரையேறியது. தலைப்பாகை ஆற்றோடு போயே போய்விட்டது.

ஊரார் பைத்தியக்காரன் என்று சொல்லுகிற சொக்கன் தலைப்பாகை போன திசையைப் பார்த்துக் கும்பிட்டான். அப்புறம் தமுக்கைத் திருப்பிப் பிடித்துச் சாவுக்கொட்டு அடித்தான்.

"இதனால் சகலருக்கும் தெரிவிப்பது! நம்ம தனுக்கோடிப் பெரியதனம் ஆத்தோட போயிட்டார்!"

"அடேய், நான் இங்கே நிக்கிறேன்டா!"

"தலைப்பாகையும் நான்தான்னு நீங்கதானே சாட்சி வச்சுச் சொன்னீங்க சாமி?"

"ஆமா, சொன்னார்" என்றார்கள் அக்கரைச் சாட்சிகள்.

மூக்காயி மாராப்பை இடுப்பில் செருகினாள். "செத்தவருக்கு எதுக்குய்யா மாடி? மழை வருது. கல்லை இறக்குங்க."

ஊர் திரண்டு போய் மாடியைப் பிரித்தது. "அது என் வீடுடா!" என்று கத்தினார் பெரியதனம். "யாரோ பேசுற மாதிரி இருக்கே, காத்தா இருக்கும்" என்று சொல்லிக் கல்லை இறக்கினார்கள். சோறு கேட்டார். செத்தவருக்கு யார் சோறு போடுவார்கள்? கல் சுமப்பவர்களுக்கு மட்டும் மூக்காயி கஞ்சி ஊற்றினாள். பொறுத்துப் பார்த்தார், முறைத்துப் பார்த்தார், அழுது பார்த்தார். கடைசியில் தன் மாடிக் கல்லைத் தானே தலையில் தூக்கினார். அவருக்கும் கஞ்சி கிடைத்தது.

ஆற்றில் செந்தண்ணீர் வருவதற்குள் கல்பாலம் எழும்பிவிட்டது. ஊர் கூடியது, சாட்சிகள் அக்கரையில் வந்து நின்றார்கள்.

"யாரு பேரை வாசிக்கட்டும்?" என்றான் சொக்கன்.

எல்லாரும் மூக்காயியைப் பார்த்தார்கள். ஒரு கிழவர் கேட்டார்: "ஏம்மா, நீ எதை அனுப்பப்போற?"

"எனக்கு ஏது அண்ணே தலைப்பாகை? தலைதான் இருக்கு."

மோர்ப்பானையைக் கீழே வைத்துவிட்டு நடந்தாள். கல் அசையவில்லை. அக்கரை போய், செவந்தி உட்கார்ந்திருந்த வண்டியின் நுகத்தடியைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

அன்று போட்ட பாலம் இன்றும் நிற்கிறது, பார்த்துக்கொண்டிருந்த ஊர்தான் மறுபடி தப்பைப் பார்த்துச் சிரிக்கப் பழகிவிட்டது, அது வேறு கதை. வண்டிச் சக்கரம் இக்கரை மண்ணைத் தொட்டதும் சொக்கன் தமுக்கை ஓங்கி அடித்து, ஓலையை விரித்து, இரண்டு கரைக்கும் கேட்க வாசித்தான்:

"மோர்க்காரி மூக்காயி!"