விளக்கெண்ணெய்த் தண்டனை

கோட்டைமலைச் சீமையை ஆண்ட ராஜா வீரகேசரிக்கு வேட்டை என்றால் உயிர். அவருடைய சபையில் விகடகவியாக இருந்தவர் திருமலைக்கொழுந்து. ஆள் குட்டை, தொந்தி பெரிது, தைரியம் சிறிது. இந்த மூன்றையும் ஊருக்கு முதலில் சொன்னவரே அவர்தான். மற்றவர்கள் சொல்லிச் சிரிப்பதற்கு முன்னால் தானே சொல்லிவிட்டால் வலி குறைவு என்பது அவர் நினைப்பு.

ஒருநாள் ராஜா தன் வேட்டைச் செருப்பைக் கழற்றி வீசினார். "ஆணி அடித்த இந்தச் செருப்பு காலில் கல்லைக் கட்டியது மாதிரி இருக்கிறது. சத்தம் கேட்டு மான் மலைக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறது. எடையே தெரியாத செருப்பு வேண்டும்."

செருப்புத் தைக்கும் பேச்சிமுத்து வந்து ராஜாவின் பாதத்தை அளந்தார்.

"வெள்ளாட்டுத் தோலில் கணுக்கால்வரை மூடித் தைக்கிறேன் மகாராஜா. அடித்தோல் மெல்லிசாக இருக்கும். பூனை மாதிரி நடக்கலாம். முன்னால் மட்டும் ஒரு விரல் இடம் விடவேண்டும். இல்லையென்றால் இறக்கத்தில் நகம் இடிக்கும்."

ராஜா குனிந்து தன் பாதத்தைப் பார்த்தார். "ஏற்கெனவே அகலமான கால். இன்னும் பெரிதாகக் காட்டவேண்டுமா? இடமெல்லாம் வேண்டாம். கச்சிதமாகத் தை."

பக்கத்தில் நின்ற கொழுந்துவும் காலை நீட்டினார். "எனக்கும் அப்படியே கச்சிதமாக." ராஜாவின் செருப்பைவிடத் தன் செருப்பு பெரிதாக இருந்தால் ராஜத் துரோகம் ஆகிவிடுமோ என்று அவருக்குப் பயம்.

செருப்பைக் கொண்டுவந்து கொடுத்தபோது பேச்சிமுத்து பக்குவம் சொன்னார். "கொஞ்ச நாள் வீட்டுக்குள் போட்டுப் பழக்குங்கள். நனைந்தால் நிழலில் காயவையுங்கள், தீப் பக்கம் கொண்டுபோகவேண்டாம். காய்ந்ததும் விளக்கெண்ணெய் தடவுங்கள்."

ராஜா தலையை ஆட்டினார். கொழுந்துவும் ஆட்டினார். மறுநாள் காலையிலேயே இருவரும் அதைப் போட்டுக்கொண்டு மலை ஏறினார்கள்.

பக்கத்துச் சீமை ராஜாவும் விருந்தாளியாக வந்திருந்தார். மதியத்துக்குள் கொழுந்துவின் குதிகாலில் கொப்புளம். ஓடையைக் கடந்ததில் செருப்பு ஊறிப்போயிற்று. மாலையில் கூடாரத்துக்கு முன்னால் தீ மூட்டியதும், ராஜா தன் செருப்பை அதன் ஓரத்தில் வைத்தார். கொழுந்துவுக்குப் பேச்சிமுத்து சொன்னது ஞாபகம் வந்தது. சொல்லலாம் என்று வாயைத் திறந்தார். ராஜாவின் முகத்தைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு, தன் செருப்பையும் பக்கத்திலேயே வைத்தார்.

விடிந்தபோது இரண்டு ஜோடியும் பொரித்த அப்பளம் போல வளைந்து கிடந்தன. அதற்குள் காலைத் திணித்துக்கொண்டு காட்டுப்பன்றியைத் துரத்தினார்கள். ஒரு சரிவில் ராஜாவின் செருப்பு படக்கென்று பிளந்தது. விருந்தாளி பார்த்துக்கொண்டிருக்க, ராஜா உட்கார்ந்தபடியே சரிவு முழுவதையும் கடந்து கீழே வந்து சேர்ந்தார். பின்னாலேயே கொழுந்துவும் செருப்பு பிளந்து அதே வழியாக வந்து சேர்ந்தார். பன்றி நின்று பார்த்துவிட்டுப் போனது.

அரண்மனைக்குத் திரும்பியதும் சபை கூடியது. பேச்சிமுத்துவைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். படைக்குத் தலைவரான தளவாய் சங்கரலிங்கம் எழுந்தார். ராஜாவுக்குக் கோபம் வந்தால் அதை விசிறிவிடுவதில் அவர் கெட்டிக்காரர்.

"மட்டமான தோலைப் போட்டு ஏமாற்றியிருக்கிறான் மகாராஜா. குடும்பத்தோடு சீமையைவிட்டே துரத்தவேண்டும்."

ராஜா தலையசைத்தார். பேச்சிமுத்து கைகட்டி நின்றார். உண்மையைச் சொன்னால் ராஜாவைக் குற்றம் சொன்னதாகும்.

கொழுந்து பேச்சிமுத்துவைப் பார்த்தார். அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்த மனிதர் இப்படி நிற்கவேண்டியதில்லை. ஆனால் ராஜாவைக் குற்றம் சொல்லும் தைரியம் இன்றைக்கும் அவருக்கு வரவில்லை. தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொள்ளும் தைரியம் மட்டும் எப்போதும்போல் நிறைய இருந்தது. பிளந்த தன் செருப்பை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"மகாராஜா, என் செருப்பும் இவர் தைத்ததுதான். என் வழக்கையும் விசாரித்துவிட்டால் தண்டனையைச் சேர்த்தே கொடுத்துவிடலாம்."

தளவாய்க்குப் பரம சந்தோஷம். ராஜா செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அளவு சரியாக இருந்ததா?"

"இல்லை மகாராஜா. இடம் விடுகிறேன் என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். பெரிய செருப்பு என் அழகைக் கெடுத்துவிடும்."

சபை சிரித்தது. ராஜாவுக்கும் உதட்டோரம் சிரிப்பு வந்தது. "உம் அழகையா? சரி, போட்டுப் பழக்கினீரா?"

"இல்லை. வாங்கின மறுநாளே மலைக்குப் போய்விட்டேன்."

"நனைந்ததே, எங்கே காயவைத்தீர்?"

"தீயோரத்தில்."

"ஓய், தோல் தீயில் சுருங்காதா? உம் கையை நீட்டிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்குமே."

"தோன்றவில்லை மகாராஜா. தொந்திக்குப் போன வளர்ச்சி தலைக்குப் போகவில்லை. எண்ணெய் தடவச் சொன்னார், அதையும் தடவவில்லை. ஆனாலும் குற்றம் தைத்தவருடையதுதானே?"

"அவன் என்ன செய்வான்?" ராஜாவுக்குத் தீர்ப்புச் சொல்லும் உற்சாகம் வந்துவிட்டது. "சொன்னதில் ஒன்றையாவது கேட்டீரா? சபையோரே, தைத்தவன்மேல் குற்றமே இல்லை. இந்த மடத்தனத்தைச் செய்தவர் யாரோ, அவர் ஒரு மாதம் இந்தச் சபையின் நடுவில் உட்கார்ந்து, தன் கையாலேயே செருப்புக்கு விளக்கெண்ணெய் தடவவேண்டும். இதுதான் தீர்ப்பு."

கொழுந்து தரையில் விழுந்து கும்பிட்டார். எழுந்திருக்கக் கொஞ்சம் நேரமாயிற்று.

"உத்தரவு மகாராஜா. தீர்ப்பில் ஒரு சின்ன இலக்கணச் சந்தேகம். 'செய்தவர்' என்று சொன்னீர்களே, அது மரியாதைக்காகச் சொன்னதா, பன்மையா? அன்றைக்குத் தீயோரத்தில் என் செருப்பு தனியாகக் காயவில்லை."

ராஜா அவரைப் பார்த்தார். கைகட்டி நின்ற பேச்சிமுத்துவைப் பார்த்தார். கடைசியில் தன் காலைப் பார்த்தார். பிறகு தொடையில் தட்டிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

பேச்சிமுத்துவுக்குத் தன் சால்வையைப் போர்த்தி, ஒரு விரல் இடம் விட்டுப் புதுச் செருப்புத் தைக்கச் சொன்னார். கொழுந்துவுக்குத் தன் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிப் போட்டார். அப்புறம் தளவாய் பக்கம் திரும்பினார்.

"நீரே போய் எண்ணெய் கொண்டுவாரும். இரண்டு கிண்ணம். அது பன்மைதான்."