அடங்காத நாடி

ஆனைக்குளத்தில் ஒரு வழக்கம். தெருச்சண்டை வந்தால், அடித்தவரை வைத்தியசாலையில் கொண்டுவந்து உட்காரவைப்பார்கள். அவருடைய நாடி அடங்கிவிட்டது என்று சொன்ன பிறகே சமாதானப் பேச்சு.

வயலுக்கு மடை திறந்த தகராறில் கீழத்தெரு இசக்கியின் கையை ஒடித்தவர் மேலத்தெரு செண்பகராமன். மூன்று நாளாகியும் அவர் நாடி அடங்கவில்லை.

அப்படிச் சொல்லிவந்தவர் தளவாய். கண்டக்டராக ஓய்வு பெற்றவர். தன்னைவிட இருபது வயது இளையவரான வைத்தியர் மங்கையர்க்கரசியிடம் நாடி பயில்கிறார். வெளியூர் போயிருந்த வைத்தியர் அன்று காலைதான் திரும்பியிருந்தார். இசக்கி, தளவாயின் தம்பி.

தளவாய்க்கே விளங்காத விஷயம் ஒன்று இருந்தது. செண்பகராமன் பெஞ்சில் சாய்ந்து கொட்டாவி விடுகிறார். நாடியோ தெறிக்கிறது.

"மெதுவாப் பிடியும் கண்டக்டரே. டிக்கெட் எடுக்காம இறங்கிர மாட்டேன்" என்றார் செண்பகராமன்.

"வாயை மூடும்வே."

வாசலில் கீழத்தெரு ஆட்கள் கம்போடு நின்றார்கள். இன்றும் அடங்கவில்லை என்றால் உள்ளே புகுந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தார்கள். கட்டுப்போட்ட கையோடு இசக்கி கத்தினான்: "அண்ணே, அடங்கிட்டா இல்லியா?"

தளவாய் உள்ளறைக்குப் போனார். வைத்தியர் சுக்கு இடித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஆளு தூங்கி வழியுதாரு. நாடி மட்டும் எப்படி இந்த ஓட்டம் ஓடுது?"

"எப்படிப் பார்த்தீங்க? என் கையில பாருங்க."

தளவாய் அவர் மணிக்கட்டைப் பற்றினார். முகம் மாறியது. "இதுவும் அதே ஓட்டம்தாம்மா!"

"நான் யாரை அடிச்சேன்?"

தளவாய் மறுபடியும் அழுத்திப் பார்த்தார்.

"எந்த விரலை வச்சிருக்கீங்க?"

குனிந்து பார்த்தார். முதல் நாளே சொல்லிக்கொடுத்த மூன்று விரல்களும் சும்மா இருந்தன. கட்டைவிரல் அழுந்தியிருந்தது.

"அந்த விரலுக்குச் சொந்தமா ஒரு துடிப்பு இருக்கு. அழுத்துனா அதுதான் தெரியும்."

"அப்போ மூணு நாளா நான் பார்த்தது...?"

வைத்தியர் எழுந்து போய் செண்பகராமனின் கையில் மூன்று விரல்களை வைத்தார். கண்ணை மூடித் திறந்தார்.

"இவருக்கு அடங்கித்தான் இருக்கு."

வாசலில் கம்புகள் தரையில் தட்டும் சத்தம் கேட்டது. "அண்ணே! என்ன பதிலு?"

"அவங்ககிட்ட என்னம்மா சொல்ல?"

"பார்த்த ஆளுக்குத்தான் இன்னும் அடங்கலைன்னு சொல்லுங்க."