சுவரில் கீறல் விழாமல்

தென்காசியில் வெள்ளத்துரை கட்டிய லாட்ஜின் நாற்பது அறைகளுக்கும் குழாய் போட்டவள் காண்ட்ராக்டர் ஜெபக்கனி. வேலை முடிந்து ஒரு வருஷமாகியும் பணம் வரவில்லை. கூலி கிடைக்காத தன் எட்டு ஆட்களோடு கேட்கப் போனவளைப் பார்த்து எல்லார் முன்னாலும் சிரித்தார் அவர்.

“காசு கிடையாது. உன் குழாயைப் பிடுங்கிட்டுப் போ. ஆனா சுவத்துல ஒரு கீறல் விழக்கூடாது.”

ஜெபக்கனிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நேரே வக்கீலிடம் போனாள். கேஸ் முடியும்வரை லாட்ஜை விற்க முடியாதபடி கோர்ட்டில் ஜப்தி உத்தரவு வாங்கிப் பத்திர ஆபீசில் பதிய வைத்தாள்.

“கோர்ட்டுத் தாளு கடிச்சிருமா?” என்றார் வெள்ளத்துரை.

அவள் அதோடு சும்மா இருக்கவில்லை. லாட்ஜை விலை பேச மதுரை வியாபாரி ஒருவர் வருகிறார் என்று தெரிந்ததும், வில்லங்கச் சான்றிதழோடு போய் அவர் கையிலேயே கொடுத்தாள். அதில் ஜப்தி பதிவாகியிருப்பதைப் படித்ததும் அவர் அட்வான்ஸ் பணப்பையை மூடிவிட்டார்.

“என்னடி செஞ்சே?” என்று கத்தினார் வெள்ளத்துரை.

“நீங்க சொன்னதைத்தான் அண்ணாச்சி. குழாயோட சேத்து லாட்ஜையே பிடிச்சிட்டேன். சுவத்தைத் தடவிப் பாருங்க, கீறல் இருக்கா?”

வியாபாரி வாய்விட்டுச் சிரித்தபடி காரில் ஏறினார்.

“பாதியை வாங்கிட்டுக் கேஸை எடுத்துரு” என்று இறங்கி வந்தார் வெள்ளத்துரை.

“முழுசையும் வட்டியோட கோர்ட்டுல கட்டுங்க.”

மறுவாரம் கட்டினார். கோர்ட்டு வாசலில் அவளைப் பார்த்து முணுமுணுத்தார். “பொம்பளைக்கு இவ்வளவு ஆங்காரம் ஆகாது.”

“ஆங்காரம் இல்லேன்னா, என் ஆளுங்க எட்டுப் பேரும் இன்னும் உங்க வாசல்லதான் நின்னுக்கிட்டிருப்பாங்க” என்று சொல்லிவிட்டு நடந்தாள் ஜெபக்கனி.