நெய் ரோஸ்ட்டுக்குப் பத்து இட்லி

நிரலைக் கணினிக்குப் புரியும் மெஷின் கோடாக மாற்றித் தரும் கம்பைலர் எழுதும் கம்பெனியில் மேலாளர் சடகோபன் வைத்ததுதான் சட்டம். நிரலின் ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாக மெஷின் கோடாக்கிவிட வேண்டும். கடைசியில் அவற்றை இணைக்கும்போது மொத்த நிரலையும் ஒன்றாகச் செதுக்கி வேகமாக்கவும் வேண்டும். நடுவில் மெஷின் கோடாகாத இடைநிலை வடிவம் எதற்கு, வெட்டி வேலை என்பார். இதை வெள்ளிக்குள் முடிக்காவிட்டால் ஒப்பந்த ஊழியர் எஸ்தருக்கு வேலை இல்லை.

வெள்ளி மதியம் கேன்டீனில் சடகோபன் நெய் ரோஸ்ட் கேட்டார். எஸ்தர் பத்து இட்லியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"இதையெல்லாம் சேர்த்து மாஸ்டர் ரோஸ்ட்டா ஊத்தித் தருவார் சார்."

"வெந்த இட்லியை எப்படிம்மா ஊத்துறது? மாவா இருந்தாத்தானே முடியும்?"

"அந்த மாவைத்தான் சார் இடைநிலை வடிவம்னு சொல்றோம். இணைக்கிற வரைக்கும் வேகவைக்காம வெச்சிருக்கணும்."

பக்கத்து மேசைகள் சிரித்தன. சடகோபன் முறைத்தார்.

"அப்போ நான் சொன்னபடி செஞ்சா என்னதான் வரும்?"

"இட்லி உப்புமா சார்."