கருப்பு பியருக்கு ஒரு பிஸ்கட்

புதுச்சேரியில் சொந்தமாக பியர் காய்ச்சி விற்கிற பார் ஒன்று. அங்கே சடகோபனின் மூக்கு சொன்னதுதான் சட்டம். எந்த பியரோடு எதைத் தின்றால் எடுபடும் என்று முகர்ந்து சொல்வதற்கே அவருக்குச் சம்பளம்.

பிலோமினா வீட்டில் பிஸ்கட் சுட்டு அங்கே கொண்டுவருவாள். புருஷன் போன பிறகு வீட்டில் அடுப்பு எரிவதே அதை நம்பித்தான். சடகோபனோ எதைக் கொடுத்தாலும் தள்ளினார்.

"கருப்பு பியருக்கு ஒத்துப்போற வாசனை இதுல இல்ல. நாளைக்கும் இப்படின்னா இந்தப் பக்கமே வராத."

ஏலக்காய் போட மறந்துபோன அன்றும் "ஏலக்காய் தூக்கல்" என்றவர் அவர். பிலோமினா அதை மனசில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஒரு டப்பாவோடு வந்தாள். மூடியைத் திறந்ததும் பார் முதலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தார். பியர் ஊற்ற வந்தவன் வாசலுக்கே ஓடினான். சடகோபன் மட்டும் கண்ணை மூடி, டப்பாவுக்குள் குனிந்து, நீளமாக மூச்சிழுத்தார்.

"ஜாதிக்காய் அதிகம். பியரை அமுக்கிடும்."

"பிஸ்கட்டுக்கு அடியில காகிதம் இருக்கு சார். அதைத் தூக்கிப் பாருங்க."

தூக்கினார். அடியில் நெத்திலிக் கருவாடு கிடந்தது.

யாரும் சிரிக்கவில்லை. சடகோபன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"காய்ச்சல்ல போச்சும்மா. ரெண்டு வருஷமா ஒரு வாசனையும் தெரியல."

முதலாளி, சடகோபன் முகர்வதற்காக வைத்திருந்த பியர் கிளாஸை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

பிலோமினா பையிலிருந்து வேறொரு பிஸ்கட்டை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"மொறுமொறுன்னு இருக்கும் சார். சத்தமாவது கேக்கும்."

கடித்தார். பார் முழுக்க அந்தச் சத்தம் மட்டுமே கேட்டது.