மயிலைக்காளை சொல்லாத விலை

ஆடு மாடுகளும் நம்மைப்போலவே வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கரட்டுப்பாளையத்தில் செவ்வாய்க்கிழமைதோறும் மாட்டுச்சந்தை கூடும். சந்தைக்குத் தலைவர் சடையாண்டியார். ஒரு பஞ்சத்தின்போது, பசி தாங்காமல் வந்தவர்களின் மாடுகளைச் சிலர் இரண்டு மூட்டை கம்புக்கும் மூன்று மூட்டைக்கும் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அதைப் பார்த்து அவர் மனம் நொந்துபோனார். இனி எந்த மாடானாலும் விலை பத்து மூட்டை கம்பு, கூடவும் கூடாது, குறையவும் கூடாது, வரிசையில் முதலில் நிற்பவனுக்கே மாடு என்று கட்டளை போட்டார். விலையை மீறினால் மாடும் போகும், கம்பும் போகும். ஊரே அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது.

நாலைந்து வருஷத்தில் சந்தை சீரழிந்தது. எப்படி வளர்த்தாலும் பத்து மூட்டைதான் என்றான பிறகு, பருத்திக்கொட்டை ஆட்டி ஊற்ற யாருக்கு மனம் வரும்? நல்ல மாடு வைத்திருந்தவன் அதைக் கட்டுத்தறியைவிட்டு அவிழ்க்கவில்லை. சந்தைக்கு வந்தவையெல்லாம் எலும்பும் தோலுமாக நின்றன. நொண்டி மாட்டுக்கும் அதே பத்து மூட்டை என்பதால், ஐந்து மூட்டை மட்டும் வைத்திருந்த ஏழைக்கு எதுவும் கிடைக்கவில்லை.

அந்த ஊரில் செங்கோடன் என்று ஒரு குடியானவன். அவனிடம் சாம்பல் நிற மயிலைக்காளை ஒன்று இருந்தது. தாயில்லாக் கன்றுக்குக் கஞ்சி ஊற்றி, பிள்ளைபோல வளர்த்த காளை. அதுவும் அவனை அப்பா என்றுதான் கூப்பிடும். இரண்டு வருஷம் மழை பொய்த்து, குதிர் காலியானது. விதைக்கும் சாப்பாட்டுக்குமாகப் பதினைந்து மூட்டையாவது இருந்தால்தான் அவனும் மனைவி பாவாத்தாளும் நாலு பிள்ளைகளும் அடுத்த அறுப்புவரை தாக்குப்பிடிக்க முடியும். வேறு வழியில்லாமல் காளையை ஓட்டிக்கொண்டு சந்தைக்குப் புறப்பட்டான்.

வழியில் காளை கேட்டது: "வரிசையில் இன்றைக்கும் மாரப்பன்தானே முதலில் நிற்பான், அப்பா?"

செங்கோடன் காளையின் முதுகைத் தட்டிக்கொடுத்து நடந்தான். மாரப்பன் அந்த வருஷம் இரண்டு மாடுகளை உழைக்கவைத்தே சாகடித்திருந்தான். ஒன்று செத்தால் அதே பத்து மூட்டைக்கு இன்னொன்று. பிறகு எதற்குத் தீனி போட வேண்டும் என்று வெளிப்படையாகவே பேசுகிறவன்.

சந்தை தொடங்கப் பறை அடிப்பார்கள். அதற்கு இன்னும் நேரம் இருந்தது. தண்ணீர்த் தொட்டியருகே நாச்சிமுத்து என்ற வெளியூர்க்காரன் காளையின் திமிலைத் தடவிப் பார்த்தான். அவன் கிணறு அறுபது முழ ஆழம். சந்தையில் வாங்கிய இரண்டு மாடுகளும் தண்ணீர் இறைக்க முடியாமல் படுத்துவிட்டன. தோட்டத்தில் மஞ்சள் காய்ந்துகொண்டிருந்தது.

"இந்த மாட்டுக்குப் பத்து மூட்டை என்று சொல்ல என் நாக்குக் கூசுகிறது, அண்ணா," என்றான் மெதுவாக.

செங்கோடன் சுற்றிலும் பார்த்தான். தலைக்குமேலே மரம் முழுக்கக் காக்கைகள். ஒரு எண் காதில் விழுந்தால் போதும், தலைவரிடம் பறந்துபோய்ச் சொல்லிவிடும். இவன் தயங்குவதைக் கண்ட நாச்சிமுத்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து இருவர் கைகளின்மேலும் போட்டான். முழுக்கையைப் பிடித்தால் ஐந்து, ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று என்பது இருவருக்கும் சொல்லாமலே புரிந்தது.

நாச்சிமுத்து பதினான்கு என்று பிடித்தான். செங்கோடன் கையை அசைத்து மறுத்து, இருபது என்று பிடித்தான். அவன் ஏற்றினான், இவன் இறக்கினான். எப்போது வேண்டுமானாலும் யாரும் கையை உருவிக்கொண்டு போயிருக்கலாம். யாரும் உருவவில்லை. பதினேழில் இரண்டு கைகளும் தளர்ந்தன. தன் உழைப்புக்கு என்ன மதிப்பு என்று ஒருவன் தன்னைக் கேட்டு எத்தனை வருஷமாயிற்று என்று செங்கோடன் நினைத்துக்கொண்டான்.

பறை ஒலித்தது. கயிறு நாச்சிமுத்துவின் கையில் இருப்பதைப் பார்த்த மாரப்பன் போட்ட கூச்சலில் சடையாண்டியாரே இறங்கி வந்துவிட்டார். வரிசையைவிட விலை மீறியதா என்பதே அவருக்கு முக்கியம்; என்ன விலை என்று கேட்டார். எங்களுக்குள் ஒத்துப்போயிற்று என்றார்கள் இருவரும்.

"மாடு பொய் சொல்லாது," என்று அவர் காளையிடம் திரும்பினார். "மயிலை, நீ சொல். எத்தனை மூட்டை?"

துண்டு காளையின் முகத்துக்கு நேரேதான் தொங்கியது. உள்ளே நடந்தது அத்தனையும் அதற்குத் தெரியும். பதினேழு என்றால் வளர்த்தவன் குடும்பம் பட்டினி. பத்து என்றால், மாட்டு இனம் அதுவரை சொல்லாத முதல் பொய். காளை செங்கோடனை ஒருமுறை பார்த்தது. வாயை மூடிக்கொண்டது. வாய்வரை வந்த சொல்லை மென்று உள்ளே தள்ளியது.

அவர் மூன்று முறை கேட்டார். பிறகு மற்ற மாடுகளைக் கேட்டார். ஒன்று பேசினாலும், மாடுகளுக்குப் பேச்சு இருக்கிறதென்று மயிலையையும் பேசவைத்துவிடுவார்கள் என்பது அவற்றுக்குத் தெரிந்திருந்தது. எல்லாமே வாயை மூடிக்கொண்டன. ஓயாமல் பேச்சு கேட்கும் சந்தை, ஈ பறக்கும் ஓசை கேட்கிற அளவுக்கு அடங்கிப்போனது.

சடையாண்டியார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சந்தையைவிட்டு யாரும் அழுதுகொண்டு போகக்கூடாது என்றுதான் கட்டளை போட்டேன்," என்றார். "உங்கள் இருவரில் யாருக்கு அழுகை?"

"எனக்கில்லை," என்றான் நாச்சிமுத்து. செங்கோடனும் இல்லையென்று தலையசைத்தான். அவர் வேறொன்றும் கேட்காமல் திரும்பி நடந்தார்.

செங்கோடனுக்கு அழுகை வந்தது பிறகுதான். கம்பு மூட்டைகளை வண்டியில் ஏற்றிவிட்டு, போய் வருகிறேன் கண்ணு என்று காளையின் கழுத்தைத் தடவினான். அது பெரிய கண்களால் பார்த்ததே தவிர, அப்பா என்று சொல்லவில்லை. பேசினால் விலையையும் சொல்லியாக வேண்டும், அதனால் இனி ஒருநாளும் சொல்லாது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

அடுத்தடுத்த வாரங்களில் எல்லார் தோளிலும் துண்டு வந்தது. கொழுத்த மாடுகள் வந்தன. நாச்சிமுத்துவின் மஞ்சள் பிழைத்தது. ஐந்து மூட்டைக்காரன் ஒரு கிழட்டுப் பசுவை ஓட்டிக்கொண்டு போனான். மாரப்பனும் தன் மாட்டுக்குத் தீவனம் வைக்கக் கற்றுக்கொண்டான். துண்டுக்குள்ளும் ஏமாந்தவர்கள் உண்டு. ஆனால் ஏமாந்தவன் அடுத்த செவ்வாய்க்கிழமை வேறொரு கையைத் தேடிப் போக முடிந்தது.

அன்று முதல்தான், மாட்டுச்சந்தையில் விற்பவனும் வாங்குபவனும் துண்டுக்குள் கைபிடித்து விலை பேசுகிறார்கள். பக்கத்தில் நிற்கும் மாடு, எல்லாம் தெரிந்தும் ஒரு வார்த்தை சொல்லாமல், வாயை மூடி அசைபோட்டுக்கொண்டிருக்கிறது.