ஆறு டீ

தனுஷ்கோடி வாத்தியார் கணக்கில் புலி. பத்தாம் வகுப்பில் தவறியவர்களுக்கு, துணைத்தேர்வுக்காக ஆன்லைனில் பாடம் எடுத்துவந்தார். திரையில் படம் ஒரு பக்கம், அளவுகள் ஒரு பக்கம், கலர் கலராக எழுத்துகள் ஓடும். கூடவே அவர் குரலும் ஓடும், நிற்கவே நிற்காது.

ஒருநாள் செல்லக்கனி என்ற மாணவி வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டாள்: “மண்டையில ஏறல சார். நாளையிலேருந்து வரல.” கணக்கு ஒன்றில் தேறினால்தான் அவளுக்குப் பதினொன்றாம் வகுப்பு. வாத்தியாருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

பயிற்சி மையத்தை நடத்தும் நூர்ஜஹான் டீச்சரிடம் போனார். மகள் வயதுதான். ஆனாலும் சொல்லிக்கொடுக்கும் விஷயத்தில் வாத்தியாருக்குக் குரு அவர்தான்.

“இவ்ளோ தெளிவாச் சொல்லியும் ஏன் டீச்சர் ஏற மாட்டேங்குது?”

நூர்ஜஹான் செல்போனில் பாட்டைச் சத்தமாக வைத்தார். போர்டில் எதையோ எழுதிக்கொண்டே மூச்சுவிடாமல் சொன்னார்:

“நம்ம ஸ்டாஃபுக்கு ஆறு டீ வேணும் சார். ஒண்ணு சர்க்கரை இல்லாம, ரெண்டு ஸ்ட்ராங், ஒண்ணு இஞ்சி, ஒண்ணு லைட்டு, ஒண்ணு பால் இல்லாம. இஞ்சிக்கு மட்டும் சர்க்கரை தூக்கலா.”

வாத்தியார் கடை வாசலில் நின்று விரலை மடக்கி மடக்கிப் பார்த்தார். சர்க்கரை வேண்டாம் என்றது இஞ்சிக்கா, ஸ்ட்ராங்குக்கா? கடைசியில் ஆறும் சாதா டீயாக வந்து சேர்ந்தது.

“கவனிக்கலையா சார்?”

அவருக்குச் சுருக்கென்றது. பாட்டு ஒரு பக்கம் அலறுது, போர்டுல வேற என்னமோ இருக்கு, நீங்க பாட்டுக்கு அடுக்கிட்டே போனா மனுஷன் எதைத்தான் பிடிக்கிறது என்று படபடத்தவர், பாதியில் வாயை மூடிக்கொண்டார்.

அன்று சாயங்காலமே செல்லக்கனிக்குப் போன் போட்டு, இன்னும் ஒரே ஒரு வகுப்பு வந்து பாரும்மா என்று கெஞ்சினார்.

மறுநாள் திரையில் எதுவும் ஓடவில்லை. போட்டு முடித்த கணக்கு ஒன்று. படத்தின் மேலேயே அளவுகள். பிள்ளைகளைப் பார்க்க விட்டுவிட்டு வாத்தியார் பேசாமல் இருந்தார். அவருக்கு அது பெரும்பாடு. அடுத்து அதே மாதிரி ஒன்று, கடைசி வரி மட்டும் காலி. அப்புறம் பாதி காலி. அப்புறம் வெறும் கேள்வி.

செல்லக்கனியின் மைக் ஆன் ஆனது.

“பன்னெண்டு சென்டிமீட்டர் சார்.”

சரியான விடை. வாத்தியார் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்:

“அடுத்தது குடுங்க சார்.”

வாத்தியாருக்குக் கண் நிறைந்துவிட்டது. வகுப்பை முடித்த கையோடு நூர்ஜஹானிடம் ஓடினார். பிள்ளை அடுத்தது கேட்டுட்டா டீச்சர், இனிமே தேறிடுவா என்று சந்தோஷம் தாங்காமல் சொன்னார்.

“இந்தச் சூட்டோட நாளைக்கே வட்டம், முக்கோணவியல், நிகழ்தகவு எல்லாத்தையும் ஒரே வீச்சுல முடிச்சிடறேன்.”

நூர்ஜஹான் சிரித்தார்.

“முதல்ல ஒரு டீ வாங்கிட்டு வாங்க சார். ஒண்ணே ஒண்ணு.”